ஜாக்கி சான் வீட்டுக்கு ஒரு எட்டு

"சித்தப்பா, அந்தப் பொண்ணுக்கு ஜாக்கி சான் என்ன முறை? சித்தப்பாவா, மாமாவா?"

அரையாண்டு விடுமுறைக்கு வந்திருந்த அண்ணன் மகள் கேட்ட கேள்வி இது. எட்டு வயது. கையில் முறுக்கு, மடியில் தலையணை. நான் பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்து, பையைத் திண்ணையிலேயே போட்டுவிட்டு சுட்டி டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்த ஜாக்கி சான் கார்ட்டூனை இவளுக்குக் காட்டியே ஆகவேண்டும் என்று மடிக்கணினியைத் திறந்திருந்தேன். முதல் பகுதி முடியவில்லை, கேள்வி வந்துவிட்டது. அத்தனை வருடம் பார்த்தும் எனக்கு ஒரு நாளும் தோன்றாத கேள்வி!

பதில் தேடிப் போனவன், அந்தக் கார்ட்டூன் வீட்டின் கொல்லைப்புறம், பரண், சமையலறை என்று ஒரு இடம் விடாமல் நுழைந்து பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். பார்த்ததையெல்லாம் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்.

முதலில் முறையை முடித்துவிடுவோம். தமிழில் பார்த்தே பழகிய எனக்கு, அதை ஆங்கில ஒலியோடு பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே சொல்: அங்கிள். அந்தப் பொண்ணு ஜேட், ஜாக்கியை அங்கிள் என்கிறாள். ஜாக்கி, கடைக்காரப் பெரியவரை அங்கிள் என்கிறான். அந்தப் பெரியவரோ தன்னைப் பற்றிப் பேசும்போதுகூட 'நான்' என்று சொல்லமாட்டார், 'அங்கிளுக்குப் பசிக்கிறது' என்கிற தோரணைதான். இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு உறவுமுறை கண்டுபிடிக்கவே முடியாது. ஆனால் இவர்கள் ஹாங்காங்கிலிருந்து வந்த குடும்பம். அங்கே பேசும் கான்டனீஸ் மொழியில் அப்பாவின் அண்ணனுக்கு ஒரு சொல், தம்பிக்கு ஒரு சொல், அம்மாவின் சகோதரருக்குத் தனியாக ஒரு சொல். பெரியப்பா, சித்தப்பா, மாமா! அப்படியே நம் வீட்டுக் கணக்கு. அதாவது அமெரிக்கக் குழந்தைகள் கேட்கவே வாய்ப்பில்லாத ஒரு கேள்வியை, ஒரு தமிழ்க் குழந்தையும் ஒரு ஹாங்காங் குழந்தையும் முதல் பகுதியிலேயே கேட்டுவிடுவார்கள்.

விடை, பெயரிலேயே இருந்தது. ஜேட் சான். ஜாக்கி சான். இரண்டு பேருக்கும் ஒரே குடும்பப் பெயர் என்றால் அப்பா வழி, பங்காளி வீடு. "சித்தப்பாதான்டா" என்றேன். "அப்போ நம்மள மாதிரி" என்று சொல்லி, முறுக்கைக் கடித்துக்கொண்டு என்மேல் சாய்ந்து உட்கார்ந்தாள். அந்த நொடியிலிருந்து எனக்கு அது வேறு கார்ட்டூன் ஆகிவிட்டது.

2000 செப்டம்பரில் அமெரிக்காவில் கிட்ஸ் டபிள்யூபி அலைவரிசையில் தொடங்கி, 2005 ஜூலையில் முடிந்த தொடர் இது. ஐந்து பருவம், 95 பகுதிகள். ஜான் ரோஜர்ஸ், டுவேன் கப்பிசி, ஜெஃப் கிளைன் மூவரும் உருவாக்கியது. அந்தக் கூரான மூக்கு, கத்தரித்து வைத்ததுபோன்ற தாடை எல்லாம் ஜெஃப் மட்சுடா என்ற காமிக்ஸ் ஓவியரின் கைவண்ணம். சுட்டி டிவி 2007 ஏப்ரலில் வந்தது, அதற்குப் பிறகுதான் நமக்கு இது கிடைத்தது. அடுத்த ஏப்ரலிலேயே நிஜ ஜாக்கி சான் 'தசாவதாரம்' பாடல் வெளியீட்டுக்குச் சென்னை நேரு உள்விளையாட்டரங்கத்துக்கு வந்து நின்றார். எங்கள் தெருவில் அன்று பேசப்பட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: ஜேடையும் கூட்டிக்கொண்டு வந்திருப்பாரா?

கதை உங்களுக்கு நினைவிருக்கும். சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பழம்பொருள் கடை. மேலே வீடு, கீழே வியாபாரம். தொல்பொருள் ஆய்வாளர் ஜாக்கி, பவேரியாவில் ஒரு கோட்டைக்குள்ளிருந்து எடுத்துவரும் கேடயத்தில் சேவல் உருவம் பொறித்த தாயத்து இருக்கிறது. சீன ராசிச் சக்கரத்தின் பன்னிரண்டு விலங்குகளுக்குப் பன்னிரண்டு தாயத்து. எருதுக்குப் பலம், முயலுக்கு வேகம், பாம்புக்கு மறைந்துபோகும் வித்தை. அவற்றைத் தேடி வில்லன்கள், வில்லன்களைத் தேடி ஜாக்கி. சின்ன வயதில் நான் பார்த்தது இவ்வளவுதான். எந்தத் தாயத்து கிடைத்தால் கணக்குப் பரீட்சைக்கு உதவும் என்று நண்பர்களோடு சண்டை போட்டிருக்கிறேன்.

இப்போது தாயத்து கண்ணிலேயே படவில்லை. வீடுதான் தெரிகிறது.

முதல் பகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணம் ஆகாத மனிதன். வேலை விஷயமாக ஊர் ஊராக அலைபவன். அவன் வீட்டு வாசலில், ஹாங்காங்கிலிருந்து பெற்றோர் அனுப்பிவைத்த ஒரு சிறுமி பெட்டியோடு வந்து நிற்கிறாள். அங்கே பள்ளியில் அவளைச் சமாளிக்க முடியவில்லை. ஒரு வருடம் இங்கே இருக்கட்டும் என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் ஏற்கெனவே ஒரு கிழவர், எதற்கெடுத்தாலும் திட்டுபவர். சின்ன வயதில் இந்தக் காட்சியில் நான் ஜேட். புது ஊர், புது சாகசம், ஜாலி! இப்போது அதே காட்சியில் ஜாக்கியின் முகத்தைத்தான் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறேன். குழந்தை வளர்க்க ஒரு நாள்கூடப் பயிற்சி இல்லாத மனிதனின் முகம். ஒரு குழந்தையை விடுமுறைக்கு வீட்டில் வைத்துக்கொண்டு, காலையில் எட்டு மணிக்கு என்ன கொடுப்பது, இரவில் பயந்தால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும் எனக்கு, அந்த முகம் இவ்வளவு நெருக்கமாகத் தெரியும் என்று யார் நினைத்தார்கள்!

ஒவ்வொரு பகுதியிலும் "ஜேட், நீ இங்கேயே இரு" என்பான். இருக்கமாட்டாள். விமானத்தில், வண்டியின் பின்பக்கத்தில், பெட்டிக்குள் என்று எங்காவது ஒளிந்து வந்துவிடுவாள். சிரித்துச் சிரித்துப் பார்த்த இடம் அது. இப்போது சண்டைக் காட்சிகளில் ஒன்றைக் கவனித்தேன், நீங்களும் கவனியுங்கள்: நாற்காலி, ஏணி, குடை என்று கைக்குக் கிடைத்ததை வைத்து ஐந்து பேரோடு மோதும்போதும் ஜாக்கியின் கண் அந்த ஆரஞ்சுச் சட்டையைத் தேடிப் போய்வருகிறது. அது கிடைத்த பிறகுதான் அடுத்த அடி. கடைத்தெருவில் பிள்ளையைக் கையைப் பிடித்துக்கொண்டு பேரம் பேசும் ஆட்களின் கண் அது.

அப்புறம் பெரியவர்! அவரைப் பற்றி மட்டும் பத்துப் பக்கம் எழுதலாம்.

இரண்டு விரலைச் சேர்த்து ஜாக்கியின் நெற்றியில் 'டொக்' என்று வைப்பாரே, அது முப்பதைத் தாண்டிய ஒரு மனிதனின் நெற்றி. உலகம் சுற்றும் ஆய்வாளன், ரகசியப் படைக்கே உதவி செய்கிறவன். அந்த வீட்டுக்குள் நுழைந்தால் அவன் பொடியன். ஒரு தடவைகூட அவன் தலையை நகர்த்திக்கொள்வதில்லை. நகர்த்த முடியாதவனா அவன்? துப்பாக்கிக் குண்டுக்கே விலகுகிறவன். அந்த விரலுக்கு மட்டும் நிற்கிறான். எங்கள் தாத்தா இருந்தவரை, என் அப்பா அவர் முன்னால் இப்படித்தான் நின்றார். ஜேட் காலத்தில் பின்னால் போய்ச் சிறுவன் ஜாக்கியைச் சந்திக்கிற ஒரு பகுதி உண்டு. அங்கேயும் இதே பெரியவர், கொஞ்சம் இளமையாக, இதே அதட்டலோடு அவனை வளர்த்துக்கொண்டிருக்கிறார். ஆக, இந்த வீட்டில் பிள்ளை வளர்ப்பது இது இரண்டாவது சுற்று.

அவருடைய மந்திரம் நினைவிருக்கிறதா? பேத்தை மீன் கருவாட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்வாரே. எங்கள் தெருவில் நாங்கள் எல்லாரும் கையில் துடைப்பக்குச்சியை வைத்துக்கொண்டு அதையே முணுமுணுப்போம். ஏதோ வாயில் வந்த உளறல் என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அது அசல் கான்டனீஸ்! பொருள், "பேய் பிசாசுகளே, சீக்கிரம் ஓடிப்போங்கள்." அவ்வளவு எளிமையான வரி. திருஷ்டி சுற்றிப் போடும் எந்தப் பாட்டியும் சொல்லக்கூடியது. இதைத் தெரிந்துகொண்ட அன்று நானும் அண்ணன் மகளும் வீடு முழுக்க அதைச் சொல்லிக்கொண்டே நடந்தோம்.

இப்போது குரல்கள் பக்கம் வாருங்கள். எனக்குக் கை பரபரக்கிற இடம் இதுதான்.

நிஜ ஜாக்கி சான் கார்ட்டூன் ஜாக்கிக்குக் குரல் கொடுக்கவில்லை. கொடுத்தவர் ஜேம்ஸ் ஸீ. சரி, ஷெண்டு? அந்த நெருப்புக் கக்கும் டிராகன் அசுரன், உடம்பெல்லாம் பச்சை, கண் சிவப்பு, கேட்டாலே குலை நடுங்கும் குரல். அதுவும் ஜேம்ஸ் ஸீ! ஒரே தொண்டை! நம்பமுடியாமல், மடிக்கணினித் திரைமேல் துண்டைப் போட்டு மூடிவிட்டு நாங்கள் இருவரும் வெறும் குரலை மட்டும் கேட்டோம். ஷெண்டு பேசுகிறான், அடிவயிற்றிலிருந்து வருகிறது. ஜாக்கி பேசுகிறான், மூக்குக்குப் பக்கத்திலிருந்து வருகிறது. மூன்று தடவை திருப்பிப் போட்டுக் கேட்டோம். "ரெண்டு பேரும் சண்டை போடறப்போ அவரு மட்டும் தனியா உக்காந்து கத்திக்கிட்டு இருப்பாரா?" என்றாள். அந்த அறையை நினைத்துப் பாருங்களேன்!

இன்னும் இருக்கிறது. அந்த ரகசியப் படையை நடத்தும் மொட்டைத்தலை கேப்டன் பிளாக்கின் குரல் கிளான்சி பிரௌன். அடியாள் ராட்சோவும் அவரே. அதாவது போலீசும் திருடனும் ஒரே ஆள். அதே மனிதர்தான் 'ஸ்பாஞ்ச்பாப்' தொடரில் காசை எண்ணிக்கொண்டே இருக்கும் நண்டு முதலாளி மிஸ்டர் கிராப்ஸ்! ஜேடுக்குக் குரல் கொடுத்த ஸ்டேசி சான், அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த பெண். ஜாக்கிக்குச் சொந்தமெல்லாம் இல்லை, குடும்பப் பெயர் மட்டும் ஒன்று. வளர்ந்து பெரியவளாகி வரும் எதிர்கால ஜேடுக்கு நடிகை லூசி லியு. அவெஞ்சர்ஸ் எல்லாம் வருவதற்கு எத்தனையோ வருடம் முன்பே நம் மாலை நேரத் தொலைக்காட்சிக்குள் இவ்வளவு பெரிய கூட்டம் ஒளிந்திருந்திருக்கிறது.

பெரியவரின் குரல் சாப் ஷிமோனோவுடையது. 1937-ல் கலிபோர்னியாவின் சாக்ரமென்டோவில் பிறந்த ஜப்பானிய அமெரிக்கர். இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்க அரசு மேற்குக் கரையோரத்து ஜப்பானிய வம்சாவளிக் குடும்பங்களை முள்வேலி முகாம்களில் அடைத்தது. சின்னஞ்சிறு பையனாக அவரும் குடும்பத்தோடு அதில் அடைபட்டவர். வளர்ந்து மேடை நடிகராகி, பிராட்வேயில் நடித்து, அறுபதைத் தாண்டிய வயதில் இந்தக் கார்ட்டூனுக்கு வந்தார். திட்டிக்கொண்டே தேநீர் ஊற்றிக் கொடுக்கும் அந்தக் கிழவரின் குரல், வீட்டையே பறிகொடுத்த ஒரு குழந்தைப் பருவத்தின் வழியாக வந்தது. இதைப் படித்த இரவு ஒரு பகுதியைத் திரும்ப ஓடவிட்டேன். "அய்யா" என்று அவர் அலுத்துக்கொள்ளும் அந்த இழுவையை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். அதில் கோபம் கொஞ்சம்தான். யாரும் காணாமல் போய்விடக் கூடாது என்கிற பதற்றம்தான் அதிகம்.

தமிழில் அவருக்குக் குரல் கொடுத்தவரையும் இங்கே கும்பிட்டுக்கொள்கிறேன். ஆங்கிலக் குரலை இப்போது கேட்கும்போதும் என் காதுக்குள் ஓடுவது அந்தத் தமிழ் அதட்டல்தான். உலகத்தின் எந்த மூலையில் எழுதிய கிழவராக இருந்தாலும், தமிழில் திட்டியதும் நம் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டார்.

டோருவைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. மலைபோல உடம்பு. முதல் பருவத்தில் எதிரியின் முதல் அடியாள், ஜாக்கியைத் தூக்கிச் சுவரில் எறிகிறவன். அவனைப் பிற்பாடு என்ன செய்தார்கள்? இந்த வீட்டுக்குள்ளேயே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்! பெரியவருக்குச் சீடனாகி, அந்தக் குறுகலான கடையில் தோளைக் குறுக்கிக்கொண்டு, ஜாடிகளுக்கும் பொம்மைகளுக்கும் நடுவே மெதுவாக நடக்கிறான். எதையும் இடித்துவிடக் கூடாதே என்று அவன் வைக்கும் ஒவ்வொரு எட்டையும் பாருங்கள். வரைந்தவர்கள் அதில் அவ்வளவு அன்பைக் கொட்டியிருக்கிறார்கள். வலு மட்டுமே தெரிந்தவன், உடைந்துபோகக்கூடிய பொருட்களுக்கு நடுவில் வாழக் கற்றுக்கொள்கிறான். சின்ன வயதில் அவன் நல்லவனானதும் சண்டை குறைந்துவிட்டதே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. இப்போது அவன் தேநீர்த் தட்டைத் தூக்கிக்கொண்டு வரும்போதெல்லாம் எனக்குக் கண் நிறைகிறது. அப்புறம் ஊரிலிருந்து அவனுடைய அம்மா வேறு வந்து இறங்குவார், குள்ளமாக, பெரியவருக்குச் சரிக்குச் சரியாகத் திட்டக்கூடியவராக. இரண்டு பேரும் மோதிக்கொள்ளும்போது டோருவும் ஜாக்கியும் ஒரே மாதிரி ஓரமாக ஒதுங்கி நிற்பார்கள். சம்பந்தி வீட்டுச் சண்டையில் மாப்பிள்ளை நிற்பதைப் போல.

அம்மா, அப்பா, இரண்டு பிள்ளை என்று வரைந்தால் எளிதாக இருந்திருக்கும். இவர்கள் ஒரு கிழவரையும், கல்யாணமாகாத ஒருவனையும், ஊர்விட்டு வந்த ஒரு சிறுமியையும், பழைய அடியாளையும் ஒரே கூரைக்கடியில் போட்டு, ஒரே மேசையில் சாப்பிட வைத்திருக்கிறார்கள். இது எங்கிருந்து வந்தது என்று தோண்டியபோதுதான் அந்தப் பெரிய புதையல் தட்டுப்பட்டது.

பல பகுதிகளின் முடிவில் நிஜ ஜாக்கி சான் வந்து உட்கார்ந்து, குழந்தைகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்வார். அந்தச் சிரித்த முகத்துக்குப் பின்னால் இருந்தது இது. 1954-ல் ஹாங்காங்கில் பிறந்தவர். ஏழு வயதில் அவரை ஒரு சீன ஓபரா பள்ளியில் பத்து வருட ஒப்பந்தத்தில் விட்டுவிட்டு, பெற்றோர் வேலைக்காக ஆஸ்திரேலியாவின் கான்பெராவுக்குப் போய்விட்டார்கள். அங்கே அமெரிக்கத் தூதரகத்தில் அப்பா சமையல் வேலை பார்த்தார். பள்ளியில் ஆசிரியர் யு ஜிம் யுவென் வைத்ததுதான் சட்டம், அவர் கையில் பிரம்பு. பிள்ளைகள் பலர் ஆசிரியரின் பெயரிலிருந்தே 'யுவென்' என்ற எழுத்தைத் தங்கள் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டார்கள். நம் ஜாக்கி அங்கே யுவென் லோ. பிற்காலத்தில் பெரும் நட்சத்திரங்களான சாமோ ஹங், யுவென் பியாவ் எல்லாம் கூடப் படித்தவர்கள். மூத்தவன் சாமோவை மற்றவர்கள் பெரியண்ணன் என்றே கூப்பிட்டார்கள். பெற்றோரைப் பிரிந்து பெட்டியோடு வந்து நின்ற குழந்தை, ரத்த உறவில்லாத அண்ணன்கள், அடித்து வளர்த்த ஒரு பெரியவர்! ஜேட், டோரு, கடைக்காரர், எல்லாரும் அங்கேயே இருக்கிறார்கள். எழுதியவர்கள் அதை மனதில் வைத்தா எழுதினார்கள் என்பது இருக்கட்டும், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இனிமேல் வருவதுதான் உச்சம். கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்த அதே வருடங்களில், 2003-ல், மேபல் சியுங் இயக்கிய ஒரு ஆவணப்படம் வந்தது. அதில் ஜாக்கியின் அப்பா கேமரா முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்கிறார். போர்க்காலத்தில் தேசியவாத அரசின் உளவாளியாக இருந்தவர். அபின் கடத்திவந்த ஒரு பெண்ணைப் பிடித்தார், அந்தப் பெண்ணைத்தான் பின்னால் மணந்தார். இருவருக்கும் முந்தைய திருமணங்களில் பிள்ளைகள். அப்பா பக்கம் இரண்டு மகன்கள், அம்மா பக்கம் இரண்டு மகள்கள், நாலு பேரும் சீனாவிலேயே விடப்பட்டவர்கள். ஒற்றைப் பிள்ளை என்று வளர்ந்த ஜாக்கிக்கு நாலு உடன்பிறப்பு! அதோடு, அவர்களுடைய குடும்பப் பெயர் சானே இல்லை. ஃபாங்.

நான் எதை வைத்து முறை சொன்னேன்? ஜேட் சான், ஜாக்கி சான், ஆகவே பங்காளி வீடு என்று. அந்தச் 'சான்', ஒரு தகப்பன் தப்பி வந்த ஊரில் போட்டுக்கொண்ட பெயர்! மறுநாள் காலை இட்லித் தட்டோடு அண்ணன் மகளை உட்காரவைத்து, திருத்தம் சொன்னேன். கவனமாகக் கேட்டாள். சட்னியைத் தொட்டுக்கொண்டே, "பேரு மாறிட்டா சித்தப்பா மாறிடுவாரா?" என்றாள். நான் அடுத்த இட்லியை வைத்தேன்.

மிச்சமிருந்த ஐந்து நாளும் ஒரு நாளைக்கு நாலு பகுதி என்று போனது. அசுரர்கள் எட்டுப் பேர் வருகிற இரண்டாம் பருவத்தில் பாதி முடிந்தது. மற்றதைப் பொங்கலுக்கு வரும்போது பார்ப்பதாக ஒப்பந்தம். நான் தனியாகப் பார்க்கக் கூடாது என்று அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்து அழைத்துப்போனார். பேருந்து நிலையத்தில் ஜன்னல் பக்கம் இடம் பிடித்து உட்காரவைத்துவிட்டு, தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, போய் இறங்கியதும் போன் பண்ணச் சொல்லிவிட்டுத் திரும்பினேன். நாலு எட்டு நடந்திருப்பேன். வெளியே கையை நீட்டாதே என்று சொல்லவில்லையே என்று நினைவு வந்தது. ஓடிப்போய்ச் சொன்னேன். மறுபடி நடந்தேன். வாந்தி வந்தால் எலுமிச்சம்பழம் பையின் முன்பக்கத்தில் இருக்கிறது. அதையும் ஓடிப்போய்ச் சொன்னேன். ஓட்டுநர் வண்டியைக் கிளப்பிவிட்டார். நான் கூடவே நடந்துகொண்டு, "இன்னொரு விஷயம்!" என்று கத்தினேன்.

ஜன்னலுக்குள்ளிருந்து இரண்டு விரலைச் சேர்த்து, காற்றில் என் நெற்றியைப் பார்த்து ஒரு தட்டுத் தட்டினாள். "மூணாவது, சித்தப்பா!"